ஆலைக் கிழவியின் முடிவைத் திருப்பித் தந்தவருக்கு

எர்லன்பாக் நகர நூலகத்தின் சிறுவர் பிரிவுச் செல்வமே! முப்பத்தோராண்டு முகம் சுளிக்காத முதல்வியே! கதை கேட்கும் கண்களுக்கெல்லாம் காவலாய் நின்ற கெர்லிண்டே ஸ்டைன்மெட்ஸ் அம்மையாரே! இன்று பணி ஓய்வு பெறும் தங்களை வாழ்த்த எழுந்து நிற்கிறோம்.

இருநூறாண்டுக்கு முன் நம் ஹெஸ்ஸன் மண்ணில் வாய்மொழியாய்க் கேட்டுத் தொகுத்த கதைகளை மேல்தட்டிலும், நேற்று அச்சான சிறுவர் நூல்களைக் கீழ்த்தட்டிலும் அடுக்கி, "பாருங்க, விண்கலத்துல போற இந்தப் பொண்ணுக்கும் மூணு சோதனைதான். இதுலயும் கடைக்குட்டிதான் ஜெயிக்குது" என்று தாயையும் சேயையும் சேர்த்துக் காட்டிய தங்கள் திறம்தான் என்னே!

பன்னிரண்டாண்டுக்கு முன் அந்த மேல்தட்டே ஆட்டம் கண்டது. பழங்கதைகள் பிள்ளைகளை நடுங்க வைக்கின்றன, அகற்றுக என்று ஹோல்கர் ரைட்ஸ் என்னும் தந்தை நகரமன்றத்துக்கு மனுக் கொடுத்தார். வாக்கெடுப்புக்கு நாளும் குறித்தாயிற்று. "எதுக்கு வம்பு கெர்லிண்டே? முடிவை மட்டும் மாத்திப் படிச்சிடுங்க, வேலைக்கே உலை வெச்சிடுவாங்க" என்று சொன்னவர்கள் வேறு யாருமல்லர், இம்மடலில் ஒப்பமிடும் நாங்களே. தாங்களும் அஞ்சினீர்கள், இணங்கினீர்கள். மாவாலையில் ஒளிந்திருந்து குழந்தைகளைத் திருடும் ஆலைக் கிழவி திரிகைக்கல்லில் சிக்கி மாளும் கதையில், அவள் மன்னிப்புக் கேட்டுக் காட்டுக்குள் நடந்து போவதாக மாற்றி வாசித்தீர்கள்.

பிள்ளைகள் கலைந்தனர். ரைட்ஸின் மகள், ஆறு வயது யூடித் மட்டும், நாற்காலிக் காலைக் கட்டிக்கொண்டு நகர மறுத்தாள்.

"அந்தக் கிழவி இப்போ எங்க இருக்கா?"

"காட்டுக்குள்ள போயிட்டா, கண்ணு."

"எங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்கே, அந்தக் காடா?"

அழைத்துப் போக வந்த தந்தை சீறினார்: "மறுபடியும் அந்தப் பழங்கதையா?"

"இல்லைங்க. உங்க மனுவுக்குப் பயந்து முடிவை மாத்தினதுதான்" என்றீர்கள். அவர் கண்ணெதிரிலேயே மண்டியிட்டு, மறைத்த முடிவை மகளிடம் சொன்னீர்கள். அந்தக் கணத்தில் தங்கள் வேலை போயிற்று என்றே நாங்கள் நினைத்தோம்.

"நெசமாவே செத்துட்டாளா? எழுந்து வர மாட்டாளே?"

"வரவே மாட்டா."

யூடித் நாற்காலிக் காலை விட்டாள். மேலங்கியை மாட்டிக்கொண்டு, "வாப்பா, போலாம்" என்றாள். அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார்.

அடுத்த ஒன்பது நாளும் வாக்கெடுப்புக்கு நாள் எண்ணிக் கழித்தோம். மன்றத்தில் ரைட்ஸ் எழுந்தபோது, பக்கத்திலிருந்த எங்கள் கார்லாவின் கையைத் தாங்கள் பற்றிய பற்றில் நகம் பதிந்தது. "என் பொண்ணு அன்னிக்கு நிம்மதியாத் தூங்கினா. மனுவைத் திரும்ப வாங்கிக்கறேன்" என்று சொல்லி அவர் அமர்ந்தார். அதுவரை அடக்கிய அழுகை தங்களுக்கு அங்கேதான் வந்தது.

துணிவின் திருவுருவே என்றால் தாங்களே சிரிப்பீர்கள். ஆகவே, அஞ்சியபடியே அருஞ்செயல் ஆற்றியவரே என்று அழைக்கிறோம்! வரும் திங்கட்கிழமை மூன்று மணிக்கு முப்பது பிள்ளைகள் கதை கேட்க வருகிறார்கள். யார் வாசிப்பது என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுகிறோம். மூட்டுவலி நீங்கி, முழுநலம் ஓங்கி, தோட்டத்துப் பிளம் மரம்போல் ஆண்டுதோறும் பூத்து நூறாண்டு வாழ்க! அன்று மூன்று மணிக்கு மட்டும் எங்களை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன் ஒப்பமிடும்,
கார்லா, உல்ஃபெர்ட், ஹைக்கே
மற்றும் நூலகப் பணியாளர்கள்
எர்லன்பாக்