முட்டு பிரிக்காத மாடியில் ஆட்டிப்பார் ஐயாவுக்கு வாசித்தளித்த மடல்

சாரங்களின் சக்கரவர்த்தியே! வலைகளின் வள்ளலே! கொக்கிகளின் கோமகனே! கைப்பிடிக் கம்பியைக் கண்ட இடத்தில் ஆட்டிப் பார்த்து, ஆடியதை அடித்து இறுக்கி, ஆடாததையும் ஐயத்தோடு விட்டு நகரும் எங்கள் பாதுகாப்பு அதிகாரியே! பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட, 'ஆட்டிப்பார்' என்று நாங்கள் வைத்த பெயரால் அடித்தளம் முதல் உச்சி மாடி வரை அழைக்கப்படும் அண்ணலே! வணக்கம். நிமிர்ந்தால் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும் என்பதால் குனிந்தபடியே வணக்கம்!

ஓய்வு பெறும் பெரியோரை மலர் அலங்கார மண்டபத்தில் அமர்த்தி வாழ்த்துவது உலக வழக்கம். நாங்களோ, இறுகிக்கொண்டிருக்கும் தளத்தின் அடியில், அதைத் தாங்கும் இரும்பு முட்டுகளின் காட்டுக்குள் நாற்காலிகளைச் செருகி உங்களை வாழ்த்துகிறோம். பின்வரிசையினருக்கு உங்கள் இடது காது மட்டும் தெரிகிறது. எந்தப் பக்கம் நின்று படம் எடுத்தாலும் உங்கள் மூக்குக்குக் குறுக்கே ஒரு முட்டு வருகிறது என்று புகைப்படக்காரர் புலம்புகிறார். அழகு நிலையத்துக்குப் போய் முடி அலங்கரித்து வந்த கணக்குப் பிரிவு அக்கா, அந்த அலங்காரத்தின் மேல் தலைக்கவசத்தைக் கவிழ்த்துக்கொண்டு உங்களை முறைக்கிறார். இத்தனை பெருமையும் உங்களையே சாரும்!

கண்டிப்பில் கருங்கல்லே! கனிவில் கற்கண்டே!

முப்பத்தோராண்டுகள்! எத்தனை கட்டடங்கள், எத்தனை மாடிகள்! பிறர் ஒரு கட்டடத்தைக் கண்டால் அதன் உயரத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் அதன் ஓரத்தைப் பார்ப்பீர்கள். கட்டடத்தோடு கூடவே மேலேறும் காற்றுத் தடுப்புத் திரையை நீங்கள் காற்றின் வேகம் காட்டும் கொடியைப் பார்க்காமல் ஏற்றவிட்டதில்லை. கொடி படபடத்தால் ஏற்றவிட்டதே இல்லை. பேரம் பேசியே பிழைத்த குடும்பங்களில் பிறந்தவர்கள் எங்களில் பலர். காய்கறிக் கடை முதல் கல்யாணப் பேச்சு வரை எதிலும் படியவைக்கும் எங்கள் வாய், உங்களிடம் மட்டும் படுத்துவிடும்.

இந்தப் பேரத்தில் தலைசிறந்தவர் நம் சென்ட்ரிங் மேஸ்திரி. பலகை அடிப்பதிலும் முட்டு நிறுத்துவதிலும் அவருக்கு நிகரில்லை. பாதுகாப்பு பெல்ட்டையும் அதன் கொக்கியையும் மாட்டாமல் தப்பிப்பதிலும் நிகரில்லை.

"ஐயா, ரெண்டு நிமிஷ வேலைங்க. இதுக்குப் போய் பெல்ட்டா?" என்பார்.

"கீழ போய்ச் சேர ரெண்டு நிமிஷம் ஆகாதுப்பா, மாட்டு" என்பீர்கள்.

மாட்டுவார். முணுமுணுப்போடு மாட்டுவார். ஆனால் மாட்டுவார்.

உங்கள் கடமையுணர்ச்சிக்கு அலுவலகம் வீடு என்ற பேதம் கிடையாது. சொந்த மகளின் திருமண மேடையில், மணமக்களை வாழ்த்த ஏறிய நீங்கள் பழக்கதோஷத்தில் மேடைக் கைப்பிடியை ஆட்ட, அது பூச்சரத்தோடு பெயர்ந்து கையோடு வந்ததை யார் மறப்பார்? அதை முட்டுக் கொடுத்து நிறுத்தும் வரை ஒருவரையும் மேலே ஏறவிடவில்லை நீங்கள். பந்திக்குப் பசியோடு காத்திருந்த உங்கள் சம்பந்தி, "நாங்க பொண்ணு எடுக்க வந்தோம் சம்பந்தி, மேடை கட்ட வரல" என்று கடுகடுத்தார். பிறகு அந்த முட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவரும் அவரேதான்!

உறுதியின் உறைவிடமே!

இனி அண்மைக் கதைக்கு வருகிறோம். நம் திட்ட இயக்குநர் ஐயா முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார், பொறுத்தருள்வாராக. அலுவலகத் தடுப்புச் சுவர் ப்ளைவுட்டால் ஆனது. நாங்கள் ஒட்டுக் கேட்கவில்லை. ப்ளைவுட் தானாகச் சொன்னது.

இந்த விழா உச்சி மாடிக் கூடத்தில் நடக்கும் என்று அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. கூடத்திலோ முட்டுகள். ஊற்றிய கான்கிரீட் தன் பாரத்தைத் தானே சுமக்கும் வரை அவற்றை எடுக்கலாகாது. அவசரப்பட்டால் தளம் தலைக்கு வரும். அதற்கான கெடு, விழாவுக்கு மறுநாள்தான் முடிகிறது. இயக்குநர் ஐயா உங்களை அழைத்து, தேன் தடவிப் பேசினார்.

"ஒரு நாள்தானே ஐயா, முன்னப்பின்ன இருக்கட்டும். பிரிக்கலாம்னு ஒரு கையெழுத்து போடுங்க. உங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிப்பு வாங்கித் தர்றது என் பொறுப்பு."

அந்த நீட்டிப்புக்காக நீங்கள் எவ்வளவு ஏங்கினீர்கள் என்பதை நாங்கள் அறிவோம். உங்கள் துணைவியார் எங்களைவிட நன்றாக அறிவார். "போன வாரம் லீவுல இருந்தாரு. என் அலமாரிய ஆட்டி ஆட்டியே சாய்ச்சுட்டாரு. எப்படியாவது நீட்டிப்பு குடுத்துடுங்கப்பா" என்று எங்களிடம் மன்றாடியவர் அவர். அவர் சிரிக்காமல் சொன்னது ஒன்றும் உண்டு. நீங்கள் தூக்கம் வராமல் புரண்டபடி சொன்னீர்களாம்: "வேலை போறது பெருசில்ல. நான் போன மறுநாளே கொக்கியக் கழட்டிடுவாங்க. ஒருத்தன் வீடு திரும்பலன்னு சேதி வந்தா நான் என்ன பண்ணுவேன்?"

இவ்வளவு ஏக்கத்தையும் இவ்வளவு அச்சத்தையும் சுமந்துகொண்டுதான் இயக்குநருக்குப் பதில் சொன்னீர்கள்: "கான்கிரீட்டுக்கு விழாத் தேதி தெரியாது சார். அது பாட்டுக்குத்தான் இறுகும்."

அத்துடன் நீட்டிப்பு போயிற்று.

கூத்து அதோடு முடியவில்லை. அதே கான்கிரீட்டில் வார்த்த சோதனைக் கட்டிகளை உடைத்துப் பார்த்த முடிவு நேற்று வந்தது. அமோக வலிமை! "பாத்தீங்களா, அப்பவே பிரிச்சிருந்தாலும் நின்னிருக்கும்!" என்று துள்ளினார் இயக்குநர். "நின்னிருக்கும்தான் சார்" என்று சொல்லிவிட்டு, விழாவுக்குத் தைக்கக் கொடுத்த கால்சட்டையை வாங்கப் போய்விட்டீர்கள்.

பெருந்தகையே, நீங்கள் தையற்கடையில் இருந்தபோது இங்கு நடந்தது உங்களுக்குத் தெரியாது. இதைச் சொல்லத்தான் இந்த மடலே.

இயக்குநர் ஐயா மேஸ்திரியை அழைத்தார். "முடிவு வந்தாச்சு. அவரும் இல்ல. ராத்திரிக்குள்ள பிரிச்சுடு."

மேஸ்திரி மேலே பார்த்தார், முட்டுகளைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "பிரிக்கிறேன் சார். முதல் முட்டைத் தட்டும்போது நீங்களும் வந்து பக்கத்துல நில்லுங்க."

"நான் எதுக்குப்பா?"

"அப்ப நாங்க எதுக்கு சார்? நாள் முடியட்டும். அவரு இல்லைன்னா கான்கிரீட்டுக்குத் தெரியவா போகுது?"

இயக்குநர் ஐயா ஒரு கணம் சிவந்தார், பிறகு சிரித்தார். அவர் பெருந்தன்மைக்கு இதுவே சான்று: "சரி, நாற்காலிய முட்டுக்கு நடுவுல போடுங்க. எனக்கு ஒரு ஹெல்மெட் குடு" என்றார்.

ஆகவே ஐயா, இந்த முட்டுகள் உங்கள் உத்தரவால் நிற்பவை என்று எண்ணிப் பெருமிதப்பட வேண்டாம். உங்கள் உத்தரவை ரத்துசெய்த பிறகும் நிற்பவை இவை. உங்களிடம் பேரம் பேசித் தோற்றவர்கள், உங்கள் சரக்கையே உங்கள் விலைக்கே விற்கத் தொடங்கிவிட்டோம். இனி நிம்மதியாகத் தூங்குங்கள்.

நோயின்றி, நொடியின்றி, நடுங்காத கையும் தளராத காலுமாய், பேரப்பிள்ளைகளின் தொட்டிலை மட்டும் ஆட்டிக்கொண்டு, உங்கள் துணைவியாரின் அலமாரியைத் தொடாமல், நூறாண்டு வாழ்க என வாழ்த்துகிறோம்!

நாளைக் காலை மேஸ்திரி முட்டுகளைப் பிரிப்பார். நீங்கள் எட்டிப் பார்க்க வருவீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். வாயிற்காவலரிடம் சொல்லிவைத்துவிட்டோம். வாயிலில் தொங்கும் பலகை சொல்வதுபோல், பணியாளர் அல்லாதோர் உள்ளே வரக் கூடாது. அந்தப் பலகையை எழுதி, ஆணியடித்து, ஆட்டிப் பார்த்தவர் நீங்கள்தான்.

தலைக்கவசம் கழற்றாமலும், கொக்கி மாட்டியும்,
உங்கள் அன்பை மறவாத
கட்டடப் பணியாளர் அனைவரும்