சுத்தமாக் குடுக்கணும்னு

வேண்டாம் டீச்சர், பை என் மடியிலயே இருக்கட்டும். மேல கம்பியில வச்சா பஸ்ஸு வளைவுல திரும்புறப்ப உருண்டு எவன் தலையிலயாச்சும் விழும். அரிசிதான். நொய்யரிசி, ரெண்டு கிலோ. கல்லு பொறுக்கி, நாலு தண்ணி ஊத்திக் கழுவி, அடுப்பு அனல்ல காய வச்சுக் கொண்டு போறேன். கோட்டயம் ஆசுபத்திரி கேன்டீன் கஞ்சியில போன வாரம் ஒரு முடி கெடந்துச்சு. மகன் பாக்கல, நான் பாத்துட்டேன். அன்னையிலேர்ந்து ரூமுக்கு வெளிய ஸ்டவ் வச்சு நானே காய்ச்சுறேன்.

எனக்கு அது ஒரு வியாதி மாதிரி டீச்சர், இந்தச் சுத்தம். இருபத்தாறு வருசமா ஏலக்கா ஸ்டோர்ல தரம் பிரிக்கிறவ. ஒரு மூட்டையக் கொட்டுனா சொத்தக் காய், வெடிச்ச காய், காம்பு, தூசின்னு கண்ணு தானாப் போய் நிக்கும். மேஸ்திரி சொல்லுவாரு, மதலேனம்மா கைப்பட்ட காயில மறுபடி கைவைக்க வேண்டாம்னு. அதுல எனக்கு ஒரு கெத்து.

ஆமா, மகனுக்குத்தான். சுஜின். இருபத்தேழு வயசு. குமுளியில டூரிஸ்ட் ஜீப்பு ஓட்டுனான். இப்ப எங்கிட்டு ஓட்ட? ஒரு நாளைக்குப் பதினாலு தடவ கக்கூசுக்குப் போறவன் ஆளுகள ஏத்திக்கிட்டு மலை ஏற முடியுமா? போறதும் ரத்தமும் சளியுமா. மொதல்ல மூலம்னு நெனச்சோம். ஒரு வருசம் அதுக்கே மருந்து தின்னான். அப்புறம்தான் கோட்டயத்துல கொழா விட்டுப் பாத்து, பெருங்குடல் பூராப் புண்ணு, அவன் உடம்பே அவன் குடல அடிக்குதுன்னாங்க. ஒரு மாத்திரை குடுத்தாங்க, மொகம் பூசணிக்கா கணக்கா வீங்கிப் போச்சு. நிறுத்துனா மறுபடியும் ரத்தம்.

நாளைக்குக் காலையில ஆப்ரேசன். பெருங்குடல எடுத்துட்டு, வயித்துப் பக்கம் ஓட்டை போட்டு ஒரு பை மாட்டிருவாங்களாம். வேற வழி எல்லாம் பாத்தாச்சு, கடைசியாச் செஞ்சதையும் இவன் உடம்பு ஏத்துக்கலன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இன்னைக்குப் பதினோரு மணிக்குச் சம்மதப் பத்திரத்துல கையெழுத்துப் போடணும். மருமக அங்கனதான் கூட இருக்கா, சிஞ்சு. கல்யாணம் முடிஞ்சு மூணு வருசம், அதுல ரெண்டு வருசம் ஆசுபத்திரிதான் அவளுக்கு.

கடைசியா என்ன செஞ்சாங்களா? சொன்னா அருவருப்பா இருக்கும். சாப்பிட்டுட்டு வந்தீங்களா? சரி, அப்பச் சொல்லுறேன். நல்லா இருக்கிற ஒருத்தரோட மலத்த எடுத்து, உப்புத் தண்ணியில கரைச்சு, வடிகட்டி, கொழா வழியா இவன் குடலுக்குள்ள விடுறது. பாத்தீங்களா, மொகத்தச் சுளிக்கிறீங்க. நானும் அப்படித்தான் டாக்டர் முன்னாடியே முந்தானையால மூக்கப் பொத்துனேன். அதுக்குள்ள கோடிக்கணக்குல கிருமி இருக்காம், நல்ல கிருமி, இவனுக்கு அது பத்தலையாம்னு அவரு வெளக்கிக்கிட்டே போனாரு. கிருமின்ன ஒடனே என் காது அடைச்சுப் போச்சு டீச்சர். நல்ல கிருமின்னு ஒண்ணு இருக்குமா? நான் கேக்குறேன், இருக்குமா? அதுக்கு மேல அவரு சொன்னது எதுவும் எம் மண்டையில ஏறல.

யாரு குடுக்குறதுன்னு வந்துச்சு. எனக்கும் டெஸ்ட் எடுத்தாங்க, சிஞ்சுவோட தம்பி ஜிதினுக்கும் எடுத்தாங்க. வண்டிப்பெரியார்ல பால் சொசைட்டியில இருக்கான். இருபத்தி மூணு வயசு, பீடி சிகரெட்டு கெடையாது, கல்லத் தின்னாலும் செரிக்கும். ரெண்டு பேருக்குமே சரியா வந்துச்சு. பையன்கிட்டேயே எடுக்கலாம், வயசு கம்மின்னு டாக்டரு சொன்னாரு. சிஞ்சுவுக்கு ஒரே சந்தோசம். நான் விட்டனா? ஊரான் வீட்டுப் பீய எம் பிள்ள வயித்துல ஏத்தவான்னு அந்த வராந்தாவுல நின்னு கத்துனேன். என் வயித்துல பெறந்தவன், என் வயித்துலேர்ந்துதான் குடுப்பேன்னேன். ஜிதின் நின்னுக்கிட்டு இருந்தான். தலையக் குனிஞ்சுக்கிட்டு, சரி அத்த, நீங்களே குடுங்கன்னுட்டு ஊருக்குப் பஸ் ஏறிப் போயிட்டான். அவன் ஒரு வார்த்தை எதுத்துப் பேசியிருந்தாக்கூட எனக்கு இன்னைக்கு இவ்வளவு வலிக்காது.

வாரம் ஒரு தடவ, மூணு வாரம். மூணு தடவையும் நான்தான் குடுத்தேன். அவனுக்கு ஒண்ணும் கேக்கல. மூணாவது வாரம் முன்னையவிட மோசம். மத்தவங்களுக்கெல்லாம் இது கேக்குதான்னு டாக்டர்கிட்டக் கேட்டேன். எல்லாருக்கும் கேக்காதும்மா, ஆனா கொணமானவங்க இருக்காங்கன்னாரு. அடுத்த ரூம்ல ஒரு தொடுபுழைக்காரப் பொண்ணு, இவன மாதிரியே வந்தது, எந்திரிச்சு நடந்து போகுது டீச்சர். அவங்க அண்ணன் குடுத்தானாம்.

எனக்கு ஆத்திரம். யார் மேல காட்டுறது? சிஞ்சு மேல காட்டுனேன். நீ ராத்திரி மீன்கொழம்பு குடுத்த, அதான் எல்லாம் கெட்டுப்போச்சுன்னேன். அவ குடுக்கல. அவனா ஆசைப்பட்டு விரல்ல தொட்டு நாக்குல வச்சான், அவ்வளவுதான். அவ அழுதுக்கிட்டே அவன் துணிய அலசுனா. நான் கஞ்சி காய்ச்சிக்கிட்டு இருந்தேன்.

இது பீர்மேடா? பொறவு எறக்கந்தான். எறங்குறதுக்குள்ள ஒண்ணு கேக்கணும் உங்ககிட்ட. நீங்க ஸ்கூல்ல மலையாளம் எடுக்குறதாச் சொன்னீங்கல்ல? கர்த்தரே உங்கள எம் பக்கத்துல உக்கார வச்சாருன்னு நெனச்சுக்கிட்டேன். எனக்கு ஒரு கடுதாசி எழுதித் தருவீங்களா? மலையாளம் நல்லாப் பேசுவேன், எழுத வராது. டாக்டர்கிட்ட வாயாலேயே சொல்லலாம்தான். நாலு நாளாச் சொல்லணும் சொல்லணும்னு அவரு ரூம் வாசல் வரைக்கும் போறேன், அப்படியே திரும்பி வந்துர்றேன். நேத்து ஊருக்கு வந்ததும் அரிசிக்காக இல்ல. ஒரு நாள் தள்ளி நிக்கலாம்னு ஓடியாந்தேன். ராத்திரி பூரா இந்த அரிசியத்தான் கழுவிக்கிட்டே உக்காந்திருந்தேன்.

பேனா இருக்கா? அந்த நோட்டுலேயே கிழிச்சுக்கங்க. ஆமா, கோடு போட்ட தாளு போதும்.

சுஜினோட அம்மா மதலேனம்மா எழுதுறது. எழுதிட்டீங்களா? டாக்டர் சார், ஆப்ரேசனுக்கு முன்னாடி இத வாசிக்கணும். ஒவ்வொரு தடவ குடுக்கிறதுக்கு முன்னாடியும் அஞ்சு நாள், காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு, நான் கேப்சூல் முழுங்குனேன். எஸ்டேட் டிஸ்பென்சரியில பொன்ராஜ் கம்பவுண்டர்கிட்ட, வயித்துல கிருமி இருக்குன்னு பொய் சொல்லி வாங்குனது. மாத்திரை அட்டை இந்தப் பையிலதான் இருக்கு டீச்சர், பேரப் பாத்து எழுதிக்கங்க. அது போக, குடுக்கிறதுக்கு மொத நாள் விளக்கெண்ணெய் குடிச்சுப் பேதிக்கும் போனேன்.

ஏன் நிறுத்திட்டீங்க? எழுதுங்க. பிள்ளைக்குக் குடுக்கிறத அழுக்கோட குடுக்கலாமான்னு நெனச்சேன். ஒரு டம்ளர் தண்ணியே கழுவின டம்ளர்ல தான குடுப்போம். ஒரு கிருமி இல்லாம, சுத்தமாக் குடுக்கணும்னுதான் செஞ்சேன். இத எழுத வேண்டாம், உங்ககிட்டச் சொன்னேன்.

இத எழுதுங்க. நர்சு பின்சி ஒவ்வொரு தடவையும் கேட்டாங்க, ஆன்டிபயாட்டிக் எதாச்சும் சாப்பிட்டீங்களான்னு. இல்லன்னு சொன்னேன். சொன்னா என்னைத் தள்ளிட்டு ஜிதின்கிட்ட எடுத்துருவாங்கன்னு இல்லன்னேன். போன வாரம் அதே பின்சி வராந்தாவுல வேற ஒருத்தர்கிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தாங்க, கேப்சூல் சாப்பிட்டா உள்ள இருக்கிறது செத்துரும், மருந்தே அந்த உசிருதான், பொறவு ஏத்துறதுல என்ன பிரயோசனம்னு. நான் பக்கத்துல கஞ்சிப் பாத்திரத்தோட நின்னேன்.

ஒழுங்காக் குடுத்திருந்தாலும் அவனுக்குக் கேக்காமப் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது. ஆனா என் பிள்ள இன்னும் அந்த மருந்தக் குடிக்கவே இல்ல டீச்சர். நான் குடுத்தது மருந்தே இல்ல. குடிக்காத மருந்து கேக்கலன்னு சொல்லி நாளைக்கு அவன் குடல அறுக்கப் போறாங்க.

கடைசியா, ஜிதின்கிட்ட எடுங்கன்னு எழுதுங்க. காலையிலேயே போன் போட்டேன் அவனுக்கு. காரணம் சொல்லல, வாப்பான்னேன். ஏன் எதுக்குன்னு கேக்கல, வந்துட்டு இருக்கான். சிஞ்சுவுக்கும் ஒரு வரி, மீன்கொழம்பு இல்லம்மான்னு. அவ இத வாசிச்ச பொறவு என்னய வீட்டுல வச்சுக்கிறதும் வெரட்டுறதும் அவ இஷ்டம்.

அழுகாதீங்க டீச்சர், தாளு நனையுது. இங்கிட்டுக் குடுங்க. பேர மட்டும் நானே எழுதுறேன், தமிழ்ல.