நான் போடாத கம்பி

— வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாரும்மா. பல்லு ஆடுதுன்னு அழுதா, நேத்து நானே எக்ஸ்ரே எடுத்தேன். மேல் வரிசையில முன்பல்லு நாலுக்கும் பாதி வேரைக் காணோம். என் பொண்ணு வாயை இப்படி நாசம் பண்ணிட்டியே, நீயெல்லாம் ஒரு பல் டாக்டரா?

— உட்காருங்க சார். கம்பியை அவசரமா இழுத்தா வேர் கரையும். உங்களுக்குத் தெரியாததா?

— எனக்கே பாடம் நடத்துறியா? காலமெல்லாம் கம்பி கட்டிப் பிழைச்சவன் நான். சொந்தப் பிள்ளை வாயில கை வைக்க மனசு வரல, உன்கிட்ட அனுப்பினேன். என்கிட்ட கம்பி கட்டிக்கிட்ட சின்னப் பொண்ணு இப்ப என் தொழிலுக்கே வந்திருக்காளேன்னு பெருமைப்பட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்.

— அந்தச் சின்னப் பொண்ணு இன்னைக்கும் ஆப்பிளைக் கடிக்க மாட்டா சார். கத்தியால சீவித்தான் திங்கிறா.

— இப்ப அதுவா பேச்சு?

— அதான் பேச்சு. எங்க அக்கா கல்யாணத்துக்குள்ள என் பல்லு நேராகணும்னு அம்மா கேட்டாங்க. 'ஆயிடும்மா, கவலையை விடுங்க'ன்னு மாசாமாசம் முறுக்கினீங்க. நடுவுல ஒரு எக்ஸ்ரே எடுக்கல. போட்டோவுல அழகாத்தான் சிரிச்சேன். இப்ப நாக்கு பட்டாலே ஆடுது.

— அதுக்கு என் பொண்ணை வச்சு வஞ்சம் தீர்ப்பியா? வேணும்னே வேகமா இழுக்கிற தடிச்ச கம்பி போட்டிருக்கே. புகார் கொடுத்து வாசல்ல இருக்கிற உன் போர்டைக் கழட்ட வைக்கிறேனா இல்லையா பாரு.

— கொடுங்க. நான் போட்டது மெல்லிசுக் கம்பி சார். உங்க பொண்ணு கல்யாணம் முடிஞ்சாலும் பரவாயில்ல, மெதுவா போகலாம்னு அவகிட்ட சொன்னேன். மெல்லிசை மாட்டி அனுப்புவேன், அடுத்த தடவை வரும்போது வாயில தடிச்சது இருக்கும். நுனியை மடிச்ச விதத்துலேயே யார் வேலைன்னு தெரிஞ்சுது. என் கன்னத்தைக் குத்தின மடிப்பாச்சே.

— மெதுவா பேசு.

— ஞாயித்துக்கிழமை உங்க கிளினிக் கதவைச் சாத்திட்டு அவளை உட்கார வச்சு மாத்தினீங்களா?

— தேதி குறிச்சாச்சும்மா. நீ நத்தை மாதிரி ஊர்ந்துக்கிட்டிருந்தே. கொஞ்சம் தள்ளி விடலாம்னு பார்த்தேன். அவ்வளவுதான். இப்படி ஆகும்னு நினைக்கல.

— என் விஷயத்துலயும் நீங்க நினைக்கல.

— சரி, தப்புதான். என் கம்பியாலதான் ஆச்சுன்னு அவகிட்ட மட்டும் சொல்லிடாதேம்மா. உன்னாலதான்னு சொல்லி வச்சிருக்கேன், அவ உன்னைத்தான் திட்டிக்கிட்டிருக்கா. அப்படியே இருந்துட்டுப் போகட்டும். நான் புகாரும் கொடுக்கல, ஒண்ணும் கொடுக்கல.

— நான் சொல்ல மாட்டேன் சார்.

— நல்ல பொண்ணும்மா நீ. இரு, இரு. அடுத்த தடவை வரும்போதுன்னு சொன்னியே. தடிச்ச கம்பியை முதல்ல எப்பப் பார்த்தே?

— முதல் மாசமே பார்த்தேன் சார். பார்த்துட்டுச் சும்மா இருந்தேன்.