அதே ஸ்பூன்

சமையலுக்குக் கல்லுப்பைவிடத் தூள் உப்பு வசதி. சீக்கிரம் கரையும். என் மாமியார் ஞானஜோதியிடம் நான் சொன்ன காரணமும் அதுதான். அதில் பொய் இல்லை.

நேற்று அவர் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, உப்பைக் கூட்டிப் போட்டு மகளைத் தானே கொன்றுவிட்டதாக எழுதிக் கொடுத்தார் என்றீர்கள். அது தவறு, சார். அத்தை ஒருநாளும் கூட்டிப் போடவில்லை. மகளுக்கென்று தனியாகச் சமைத்ததில், தலைதட்டி, நாளுக்கு ஒரே ஸ்பூன்தான் போட்டார்.

என் மனைவி ஜெரூஷாவுக்கு இருபத்தெட்டு வயது. போன வருஷம் ஒரு வைரஸ் காய்ச்சலில் அவள் இதயம் பலவீனமானது. உப்பு கூடினால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், மூச்சு வாங்கும். ஒரு நாளைக்கு மூன்று கிராமுக்கு மேல் கூடாது என்றார் டாக்டர். அவளைப் பார்த்துக்கொள்ள அத்தை அனகாபுத்தூரிலிருந்து எங்கள் தாம்பரம் வீட்டுக்கு வந்தார்.

"கிராமெல்லாம் எனக்கு என்ன தெரியும் மாப்பிள்ளை? ஸ்பூன் கணக்குல சொல்லுங்க."

நான் வேதியியல் படித்தவன். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு பெயின்ட் கம்பெனி ஆய்வகத்தில் பொடிகளை எடைபோடுவது என் வேலை. வீட்டிலிருந்த சின்ன ஸ்பூனில் கல்லுப்பைத் தலைதட்டி நிறுத்தேன். மூன்று கிராம். அத்தை அதன் காம்பில் சிவப்பு நூல் சுற்றிவைத்தார்.

எட்டு மாதத்தில் ஜெரூஷா தேறினாள். அதுவரை ரயில்வே ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் நாலு படிக்கு ஒருதரம் நின்று என் தோளைப் பிடிப்பாள். இப்போதும் நாலாவது படியில் என் கால் தானாக நிற்கிறது. தோளில் அவள் கையின் கனம் விழுந்த பிறகே நகர்கிறது. பின்னால் வருபவர்கள் திட்டுகிறார்கள்.

ஜனவரியில் அவள் கிண்டி ஆபீசுக்குத் திரும்பினாள். முதல் வாரம் நானும் கூடப் போனேன்.

"ஏன்டா பாடிகார்டு மாதிரி கூடவே வர்ற? ஆபீஸ்ல எல்லாரும் ஓட்டுறாங்க. நானே போய்க்கிறேன்," என்று சிரித்தாள். பாலத்தில் ஏறினாள். எங்கும் நிற்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை தூள் உப்பு வாங்கி வந்தேன். கல்லுப்புக்கு நடுவே காற்று இருக்கும். தூளில் அது குறைவு. நிறுத்துப் பார்த்தேன். அதே ஸ்பூனில் ஐந்து கிராம் பிடித்தது.

"அதே ஸ்பூன்தானே மாப்பிள்ளை?" என்று அத்தை கேட்டார்.

"அதே ஸ்பூன்தான் அத்தை."

கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

மதியம் ஜெரூஷா சாம்பாரை இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டாள். "இவ்ளோ நாளா ஆஸ்பத்திரி சாப்பாடு போட்டியேம்மா, இன்னிக்குத்தான் உன் கைக்கு உயிர் வந்திருக்கு."

"வாயை மூடிக்கிட்டு சாப்பிடுடி. அளந்துதான் போட்டேன்."

அவளுக்குக் கெடுதல் செய்ய நான் நினைக்கவில்லை. கொஞ்சம் மூச்சு வாங்கினால் போதும், மறுபடி என்னைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

தினமும் அவள் எடையை ஆஸ்பத்திரி நர்ஸுக்கு அனுப்புவது என் பொறுப்பு. எடை ஏறினால் நீர் கோக்கிறது என்று அர்த்தம். ஐம்பத்திரண்டு கிலோ, ஐம்பத்து மூன்றரை, ஐம்பத்தைந்து என்று ஏறியது. ஒவ்வொரு முறையும் ஐம்பத்திரண்டு என்றே அனுப்பினேன். மெஷினில் பேட்டரி குறைந்து எடையைத் தப்பாகக் காட்டுகிறது என்று அவளிடம் சொன்னேன். கால் வீங்கியது ரயிலில் நின்றுகொண்டே போனதால் என்றேன். டாக்டரிடம் பேசியதாகவும், ஓய்வெடுத்தால் போதும் என்று அவர் சொன்னதாகவும் சொன்னேன். நம்பினாள்.

லீவு போட்டாள். தலையணையை உயர்த்த என்னைக் கூப்பிட்டாள். குளியலறைக்குப் போக என்னைக் கூப்பிட்டாள். பதினோரு நாள். நாங்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்ததே இல்லை.

ஞாயிறு காலை அத்தை ஆராதனைக்குப் போயிருந்தார். ஜெரூஷா உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தாள். "ஸ்டெபின், ஆம்புலன்ஸ்," என்றாள். போன் நாலடி தூரத்தில் மேஜைமேல் இருந்தது.

கூப்பிட்டேன், சார். நாற்பது நிமிஷம் கழித்து. அவள் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்திருந்தாள். அதை விலக்கிவிட்டு எழுந்துபோக எந்தக் கணவனுக்கு மனம் வரும்?