ஒரே ஆஸ்பத்திரி, ரெண்டு திட்டு

...இந்த ஹால்ல இருக்கிற பாதிப் பேரு, 'நமக்கு இந்த ஆஸ்பத்திரிப் படிப்பு ஒத்து வருமா'ன்னு உள்ளுக்குள்ள உதறலோடதான் உக்காந்திருக்கீங்க. முகத்தைப் பாத்தாலே தெரியுதே! சரி, உங்களுக்காக ஒரு குட்டிக் கதை சொல்லட்டுமா? பயப்படாதீங்க... வெளியே டீ கொதிக்கிறதுக்குள்ள முடிச்சிடுவேன்.

நாகர்கோவில் பக்கம் ஒரு பொண்ணு. பேரு பெனிட்டா. அப்பா ஸ்கூல் வேன் ஓட்டுறவர். பொண்ணு பன்னெண்டாவது முடிச்ச அன்னிக்கே அவர் முடிவு பண்ணிட்டார். "மக்ளே, நர்சிங் படி. முடிச்ச கையோட வெளிநாடு. நம்ம குடும்பமே கரையேறிடும்." பொண்ணுக்கு என்ன ஆசை? அவகிட்ட யாரு கேட்டா?

சேர்ந்தாச்சு. முதல் வருஷம் நல்ல மார்க்கும் வாங்கியாச்சு. ரெண்டாம் வருஷம் வார்டு டியூட்டி வந்துச்சு பாருங்க... அங்க பிடிச்சுது சனி. ஏன்னா பெனிட்டா எதைச் செஞ்சாலும் மெதுவா செய்வா. சோம்பேறி இல்லீங்க! ஒருத்தர் பக்கத்துல நின்னுட்டா, அவரை விட்டு நகர அவளுக்கு மனசு வராது. அவ்வளவுதான்.

அந்த வார்டுல நேசையன்னு ஒருத்தர். பக்கவாதம் வந்து வலது கை சரியா வராது, பேச்சும் குழறும். ஒருநாள் மத்தியானம் பெனிட்டா அவருக்குச் சட்டை மாத்தி விட்டா. பட்டன் போடக் குனிஞ்சா... அவர் தலையை ஆட்டுறார். "நா...னே." நானே போட்டுக்கிறேங்கிறார். சரின்னு இவளும் நிக்கிறா. பட்டன் ஓட்டைக்கிட்ட போகுது... வழுக்குது... மறுபடியும் போகுது... மறுபடியும் வழுக்குது. இவ நின்னுக்கிட்டே இருக்கா.

பின்னாலேருந்து வார்டு சிஸ்டர் குரல். "ஏய் பெனிட்டா! என்ன வேடிக்கை பாத்துட்டு நிக்குற? பக்கத்து பெட்டுக்குச் சாப்பாடு வந்து ஆறிக்கிட்டு கிடக்கு. அவருக்கு சுகர் ஊசி யாரு போடுவா? உங்கப்பா வந்து போடுவாரா? பட்டனைப் போட்டு விட்டுட்டு ஓடு!"

சிஸ்டர் மேல கோபம் வருதா? வரக்கூடாது. அவங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. வார்டு முழுக்க நோயாளி. நேரத்துக்கு ஊசி போகலைன்னா இன்னொரு உயிரு தவிக்கும். ஆனா பெனிட்டாவுக்கு இது தினம் தினம் வாங்குற திட்டு. 'கட்டைவண்டி'ன்னு கூடப் படிக்கிற பிள்ளைங்க பேரே வச்சுட்டாங்க. அன்னிக்கு ஊசியைப் போட்டுட்டு, பாத்ரூம்ல போய் அழுது, ஒரு முடிவுக்கு வந்துட்டா. 'எனக்கு ஆஸ்பத்திரியே ஒத்து வராது. படிப்பை விட்டுடலாம்.'

கண்ணைத் துடைச்சிட்டு வெளியே வர்றா. சிஸ்டர் அடுத்த வேலை சொல்றாங்க. "நேசையனை ஆக்குபேஷனல் தெரபி ரூமுக்குக் கூட்டிட்டுப் போ."

அது என்ன படிப்புன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? கை கால் விழுந்தவங்களுக்குச் சாப்பிட, தலை சீவ, சட்டை போட... எல்லாத்தையும் மறுபடியும் பழக்கிக் கொடுக்கிற படிப்பு. அங்க பெனிட்டா வயசுல ஒரு மாணவன் இருந்தான். நேசையன்கிட்ட சட்டையைக் கொடுத்துப் போடச் சொன்னான். அவர் அந்தப் பட்டனோட போராடுறார். பையனுக்கு மனசு கேக்கலை. சட்டுனு குனிஞ்சு அவனே போட்டு விட்டுட்டான். நல்ல காரியம்தானே?

அந்த ரூம் மேடம் பாய்ஞ்சு வந்தாங்க. "யாரு உன்னைப் போடச் சொன்னா? நீ போட்டு விட்டா அவர் கை எப்ப வேலை செய்யும்? கழட்டு! உன் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கட்டிட்டு நில்லு!"

பெனிட்டாவுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. யோசிச்சுப் பாருங்க... அதே ஆஸ்பத்திரி. அதே மனுஷன். அதே சட்டை. அங்க, போட்டு விடலைன்னு திட்டு. இங்க, போட்டு விட்டதுக்குத் திட்டு!

வார்டுக்குத் திரும்பணுமே, கிளம்புறா. நேசையன் இடது கையால அவ கையைப் பிடிச்சுக்கிட்டார். மேடத்தைப் பாத்து, குழறிக் குழறிச் சொன்னார். "இந்தப் புள்ள... நிக்கட்டும். இவ... அவசரப்பட மாட்டா."

எதைக் குறைன்னு நினைச்சு அந்தப் பொண்ணு கொஞ்ச நேரம் முன்னாடி அழுதாளோ... அதைத்தான் ஒரு நோயாளி வாய்விட்டுக் கேக்குறார்.

ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போய், அந்தப் படிப்புக்கு மாறணும்னு அப்பாகிட்ட சொன்னா. அவர் குதிச்சார். "கிறுக்கா உனக்கு? படிச்சதை எல்லாம் விட்டுட்டு மறுபடியும் முதல்லேருந்தா? சொந்தக்காரங்ககிட்ட நான் என்ன சொல்லுவேன்?"

அதுவரைக்கும் அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவ, சொன்னா: "சொந்தக்காரங்ககிட்ட நீங்க ஒரு தடவை சொன்னா போதும்பா. வேலைக்கு நான் முப்பது வருஷம் போகணும்."

அப்பா வேன் சாவியை எடுத்துக்கிட்டு வாசல் வரைக்கும் போயிட்டார். அப்புறம், "எந்தக் காலேஜ்ல இருக்குன்னு பாரு"ன்னார். கோபம் போயிடலை. ஆனா சொன்னார்.

பிள்ளைங்களா, இப்ப உங்ககிட்ட வர்றேன். உங்களை எதுக்குத் திட்டுறாங்கன்னு கவனிங்க. போன் பாத்ததுக்கு வாங்குற திட்டைச் சொல்லலை, சிரிக்காதீங்க! எவ்வளவு திட்டினாலும் உங்களை விட்டுப் போகாத குணம் ஒண்ணு இருக்கும் பாருங்க... அது வேணும்னு தேடுற ரூம் ஒண்ணு அதே ஆஸ்பத்திரிக்குள்ள இருக்கலாம். படிப்போட பேரை மட்டும் கேட்டு முடிவு பண்ணாதீங்க. உள்ள போங்க. நின்னு பாருங்க.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன் தெரியுமா? வேற தொழில்ல இடம் மாறி உக்காந்தா, கஷ்டம் பெரும்பாலும் உங்களுக்குத்தான். இந்தத் தொழில்ல நீங்க இடம் மாறி நின்னீங்கன்னா... கஷ்டம் கட்டில்ல படுத்திருக்கிறவருக்கும் சேர்த்து. அவரால எழுந்து வேற இடத்துக்குப் போக முடியாது.

நீங்கதான் போகணும்.