என் கணையமும் ஒரு கருங்காலியும்

தலைமை தாங்கும், தலை நரைத்தும் கையிலிருந்து ஸ்பேனரை இறக்காத எங்கள் மூத்த மெக்கானிக் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் சங்கப் பெரியோர்களே! ஷிப்ட் முடிந்த கையோடு, எண்ணெய்க் கறையோடு ஓடி வந்திருக்கும் பணிமனைத் தோழர்களே! அந்தக் கறையைத் துவைத்துத் துவைத்தே கை சிவந்த தாய்மார்களே! உங்கள் அத்தனை பேரையும் உயிரோடு நின்று வணங்குகிறேன்.

உயிரோடு என்பதை அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. இந்தக் கூட்டத்தில் எனக்கு இரங்கல் தீர்மானம் வாசிப்பது யார் என்று செயற்குழுவில் இருவர் மோதிக்கொண்டதாகக் கேள்வி. யார் அந்த இருவர் என்று கேட்க வேண்டியதே இல்லை. சிரிக்காமல் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தாலே தெரிகிறது.

கணையம்! வயிற்றுக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கும் ஒரு சிறு உறுப்பு. அப்படி ஒன்று எனக்குள் இருப்பதே எனக்குத் தெரியாது. கண் மஞ்சளித்தது, கால்சட்டை இடுப்பில் நிற்க மறுத்தது, ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்தில் முளைத்த புற்று கல்லீரலுக்கும் போய்விட்டது, அறுத்து எடுக்க வழியில்லை என்றார் டாக்டர் அம்மா.

மறைக்காமல் சொன்னார். முழுதாகக் குணமாக்க முடியாது, ஆனால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. அடைபட்ட பித்தக் குழாய்க்குள் சின்னக் குழாய் ஒன்றை வைத்தால் மஞ்சள் இறங்கும். பிறகு கீமோ. உடம்பில் தெம்பிருந்தால் நான்கு மருந்து சேர்ந்த கடும் கீமோ. தெம்பு குறைந்தால் இரண்டு மருந்து. மரபணுச் சோதனையில் பொருத்தம் தெரிந்தால் சிலருக்குத் தனி மாத்திரையும் உண்டு. எனக்கு எது என்று முடிவெடுக்க, நான் எப்படி இருக்கிறேன் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

நான் என்ன செய்தேன்? தோழர்களே, நீங்கள்தான் என்ன செய்திருப்பீர்கள்? மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் நான். சங்கத்துக்காக எத்தனை நிர்வாகங்களோடு பேரம் பேசியவன்! எதிரே இருப்பவரிடம் பலவீனத்தைக் காட்டாதே என்பதுதானே நாம் படித்த பாடம்? வலிக்கிறதா என்றார். இல்லை என்றேன். பசி? பிரமாதம். தூக்கம்? அடித்துப் போட்டதுபோல். நாலு மருந்தே கொடுங்கள், குறைத்துப் பேசாதீர்கள் என்று போனஸ் கேட்பதுபோலக் கேட்டேன்.

பக்கத்தில் என் மனைவி. எந்தப் பேச்சுவார்த்தைக்கும் நான் கூட்டிப் போகாதவள், அன்றுதான் வந்திருந்தாள். மடியிலிருந்த பையின் வாரைச் சுருட்டிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"எல்லாம் பொய், டாக்டர். இவரு படுத்து நான் பார்த்தே பல மாசம் ஆச்சு. மடியில தலகாணிய வச்சுக்கிட்டு, நாற்காலியில குனிஞ்சபடியே தூங்குறாரு. ரெண்டு வாய்க்கு மேல இறங்கல."

எனக்கு எப்படி இருந்திருக்கும்! வேலைநிறுத்தத்தன்று பின்வாசல் வழியே வேலைக்கு நுழைந்தவனைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தேன். என் வீட்டுக்குள்ளேயே ஒரு கருங்காலி! அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"ஊருக்கெல்லாம் கேக்குறீங்க. உங்க உடம்புக்குன்னு ஒண்ணு கேக்கத் தெரியலையே."

டாக்டர் பேனாவை மூடிவிட்டார். இந்த உடம்பில் நான்கு மருந்தை ஏற்றியிருந்தால் நோய்க்கு முன்னால் மருந்தே உங்களைச் சாய்த்திருக்கலாம் என்றார். முதலில் வலி தணிப்புப் பிரிவுக்குப் போகச் சொன்னார். நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். அது வழியனுப்பி வைக்கிற இடம் என்றுதானே நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்?

"வலிய குறைக்கிறதும் வைத்தியம்தாங்க. வலி குறைஞ்சா சாப்பிடுவீங்க. சாப்பிட்டாதான் கீமோவத் தாங்குவீங்க" என்றார்.

பித்தக் குழாய்க்குள் அந்தச் சின்னக் குழாயை வைத்தார்கள், மஞ்சள் இறங்கியது. வயிற்றுக்குப் பின்னால் வலியைக் கடத்தும் நரம்புக் கொத்தில் ஊசி போட்டார்கள். கணையம் சுரக்க மறந்த செரிமானச் சாற்றை மாத்திரையாகக் கொடுத்து, சாப்பாட்டோடு சேர்த்துப் போடச் சொன்னார்கள். தெம்பு திரும்பியதும் இரண்டு மருந்துக் கீமோ தொடங்கியது. போன வாரம் மறுபடி ஸ்கேன். கட்டி வளரவில்லை, கொஞ்சம் சுருங்கியிருக்கிறது.

என்ன, பின்னாலிருந்து? நோய் போய்விட்டதா என்கிறீர்களா? போகவில்லை, அண்ணே. நாளைக்கு வளரலாம், வளராமலும் இருக்கலாம். அதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் எனக்குக் கிடைத்தது என்ன என்று கேளுங்கள்!

ஊசி போட்டுச் சில நாள் கழித்து ஒரு மதியம், கட்டிலில் சும்மா சாய்ந்தவன் மல்லாந்து தூங்கிவிட்டேன். கடைக்குப் போய் வந்தவள் பார்த்திருக்கிறாள். நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கிறான் மனிதன், வாய் வேறு திறந்திருக்கிறது. பையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து மூக்கருகே விரலை வைத்திருக்கிறாள். விழித்துக்கொண்டேன்.

"மனுசனக் கொஞ்சம் தூங்க விடேன்" என்றேன்.

கட்டிலோரம் பொத்தென்று உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். தூங்குங்க, தூங்குங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

தோழர்களே! பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதா வீரம்? வலியை மறைப்பதா வெற்றி? டாக்டர் எதிர்த்தரப்பல்ல, நம் தரப்பு! வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். முதல் நாளே சொல்லுங்கள். என்னென்ன வழி உண்டு, எதை என் உடம்பு தாங்கும் என்று உரிமையோடு கேளுங்கள். உங்களுக்கு வாய் வரவில்லையா? வீட்டில் ஒருவர் சொல்வார், அவரைச் சொல்ல விடுங்கள்!

காட்டிக்கொடுத்தவர்களைத் திட்டித் திட்டியே வாழ்நாளெல்லாம் கைத்தட்டல் வாங்கியவன் நான். இன்று, என்னைக் காட்டிக்கொடுத்துக் காப்பாற்றிய ஒருத்தி இரண்டாம் வரிசையில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வீட்டில் சொல்ல வாய் வராததால் இந்த மைக்கில் சொல்கிறேன். அம்மா தாயே, உனக்கு என் நன்றி. பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.