‘இல்லை’ என்று நான் போட்ட குறி

எனக்கு வயது நாற்பத்தொன்று. பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை செய்கிறேன். என் விலாசம் முன்பக்கத்தில் எழுதப்பட்டுள்ளது. சென்ற மாதம் 6ஆம் தேதி இறந்துபோன லிஃப்ட் மெக்கானிக் என் கணவர். அந்தச் சாவுக்குப் பல் பிடுங்கிய டாக்டர்தான் காரணம் என்று புகார் கொடுத்தவர் என் கொழுந்தன். இன்று யாரும் அழைக்காமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு என் கணவருக்கு இதயத்தில் உலோக வால்வு வைத்தார்கள். அமைதியான இடத்தில் அது கடிகாரம் போல டிக் டிக் என்று கேட்கும். பல் பிடுங்குவதென்றால் ஒரு மணி நேரம் முன்பே கிருமி தடுக்கும் மருந்து எடுக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் இரத்தப் பரிசோதனை செய்யாமல் தானாக மாத்திரை போடக் கூடாது என்று இதய டாக்டர் எங்கள் இரண்டு பேரிடமும் சொல்லி அனுப்பினார்.

இறப்பதற்கு முந்தைய மாதம் 4ஆம் தேதி அவருக்குக் கடைவாய்ப் பல் வலி வந்தது. மறுநாள் ஒரு பல் மருத்துவமனைக்குப் போய் வால்வு விவரத்தைச் சொன்னோம். இதய டாக்டரிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். ஆனால் ஒன்பது நாள் கழித்துத்தான் அவரைப் பார்க்க முடியும் என்றார்கள். அடுத்த மூன்று நாளும் என் கணவர் சாப்பிடவில்லை, ஓரிடத்தில் உட்காரவில்லை, கன்னத்தைப் பிடித்தபடி வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தார். வால்வைச் சொல்லாமல் வேறு இடத்தில் பல்லைப் பிடுங்கிவிடலாம் என்றார்; இரத்தம் நிற்காமல் போனால் விஷயம் வெளிப்பட்டுவிடும் என்று, வால்வுக்காக இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையையும் தானாகவே நிறுத்தினார்.

8ஆம் தேதி, இப்போது புகாரில் உள்ள பல் டாக்டரிடம் போனோம். படிவத்தை நான் நிரப்பினேன். இதய நோய் உண்டா என்ற இடத்தில் என் பேனா நின்றது. என் கணவர் என் காதருகே, "எழுதாதே. எழுதினா மறுபடியும் அலைய விடுவாங்க" என்றார். நான் ‘இல்லை’ என்பதில் குறி போட்டேன்.

நாற்காலியில் அவரைச் சாய்த்த பிறகு அறை அமைதியாக இருந்தது. குனிந்த பல் டாக்டர் நிமிர்ந்து, "என்ன டிக் டிக்குனு சத்தம்?" என்று கேட்டார். என் கணவர் இடது கையைத் தூக்கிக் காட்டி, "வாட்ச் சார்" என்றார். பல் டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினேன். அவர் பல்லைப் பிடுங்கினார்.

பன்னிரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. இதய டாக்டரிடம் போகலாம் என்றேன். போனால் பல் விஷயம் தெரிந்துவிடும் என்று அவர் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டார். காய்ச்சல் விட்டது, திரும்ப வந்தது, மறுபடி விட்டது. 30ஆம் தேதி காலை ஷூ மாட்டும்போது சரிந்து விழுந்தார், பேச்சு குழறியது. வால்வில் கிருமி தங்கி, அதிலிருந்து ஒரு துணுக்கு மூளைக்குப் போய்விட்டது என்று இதய மருத்துவமனையில் சொன்னார்கள். பல் பிடுங்கும் முன் மருந்து கொடுத்தார்களா என்று இதய டாக்டர் கேட்டார். "அவங்க ஒண்ணும் குடுக்கல" என்றேன். அது பொய் இல்லை. பக்கத்தில் நின்ற என் கொழுந்தன் அதைக் கேட்டார்.

என் கணவரை அடக்கம் செய்த மறுநாள் கொழுந்தன் ஆட்களோடு போய் அந்தப் பல் மருத்துவமனையை உடைத்தார். பல் டாக்டருக்கு நெற்றியில் தையல் போட்டிருக்கிறார்கள். அலமாரி கவிழ்ந்ததில் படிவம் தொலைந்துவிட்டது, இதய நோய் உண்டா என்று தான் கேட்டதற்கு அவரிடம் அத்தாட்சி இல்லை என்று அறிந்தேன். அதிலிருந்து என்னால் தையல் மிஷினில் உட்கார முடியவில்லை. அவர் கேட்டார். நாங்கள்தான் மறைத்தோம்.

என் கொழுந்தன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். புகாருக்குப் பலம் சேர்க்க நான் வந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நான் சொன்னது சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது. படித்துக் காட்டக் கேட்டேன். அத்தனையும் உண்மை. எவரும் தூண்டிச் சொல்லவில்லை.

(கையொப்பம்)